மார்செய் துறைமுகத்தில் கிரேன்கள் நின்றது குறித்து

என் பெயர் மரியான் வாஸ். வயது முப்பத்து நான்கு. தகப்பனார் பெயர் செபாஸ்டின் வாஸ். சொந்த ஊர் பெரியதாழை. தற்போது தூத்துக்குடி மில்லர்புரத்தில் மனைவி கிளாடிஸுடன் குடியிருந்து வருகிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தேன். கப்பலை நிறுத்தச் சதி செய்ததாக மேற்படி கம்பெனியின் ஏஜெண்டு கொடுத்த புகாரின் பேரில் போலீஸார் விசாரிக்க, நான் சொல்வதாவது:

1974ஆம் வருடம் பிப்ரவரி மாதம் எங்கள் கப்பல் பிரான்ஸ் நாட்டு மார்செய் துறைமுகத்தை நெருங்கியபோது நீராவிக் குழாய் வெடித்து, என்னோடு வேலை பார்த்த தருவைகுளம் அய்யாக்குட்டிக்கு வலது கையும் மார்பும் வெந்துபோயின. கேப்டன் மருந்து தடவித் துணி சுற்றினார். கரைக்கு அனுப்பினால் பாய்லர் சோதனை என்று கப்பலைப் பிடித்து வைப்பார்கள், அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு கப்பலைக் கரையில் கட்டி, சரக்கு இறக்கத் தொடங்கினார்கள். நான் அய்யாக்குட்டி பக்கத்தில் இருக்கவும் முடியாமல், வேலையில் நிற்கவும் முடியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து, "ஏலே மரியானு, செத்தா என்னையக் கடல்ல போட்டுருவானுவ. கரையில எறக்குல" என்றார். பிறகு மயங்கிவிட்டார்.

அதன் பிறகு நான் அனுமதியின்றிக் கீழே இறங்கி, கிரேன் அடியில் நின்ற பிரெஞ்சுத் தொழிலாளிகளிடம் என் கையைக் காட்டி, வெந்துவிட்டது என்று சைகை செய்தேன். அவர்கள் என்னைத் தங்கள் சங்க அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கு வேலை பார்த்த புதுச்சேரிக்காரரான அமலோற்பவம் அம்மாள், "கப்பல்ல இருக்கறவங்க யாராவது கேட்டாத்தான் சங்கம் வேலைய நிறுத்தும். உங்க பேரப் போடலாமா? அப்புறம் உங்களுக்கு வேற கப்பல் கெடைக்காது" என்றார். போடுங்கள் என்றேன்.

அதன் பிறகு கிரேன்கள் நின்றன. பிரெஞ்சுத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தபோது, கப்பலின் கொடி வேறு நாட்டுக் கொடி, உங்கள் சட்டம் இங்கே செல்லாது என்று கேப்டன் வாதாடினார். கொடி உங்களுடையது, கிரேன் எங்களுடையது என்று சங்கத் தலைவர் பதில் சொன்னதாக அமலோற்பவம் அம்மாள் எனக்குச் சொன்னார். இருட்டுவதற்கு முன் அய்யாக்குட்டியை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

நான் ஊர் திரும்பியபின் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து, சங்கத்தை வரவழைத்தது அய்யாக்குட்டிதான் என்று சொன்னால் அடுத்த கப்பலில் இடம் உண்டு என்றார். "அவன் இனிமே கப்பல் ஏறப்போறதில்லையே, அவன் பேரச் சொன்னா என்ன கொறஞ்சு போவுது?" என்று கேட்டார். அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகம் வரை நடப்பேன், பாதியில் திரும்புவேன். சோற்றில் கை வைத்து எழுந்துவிடுவேன். இன்று காலை கிளாடிஸ், "போயி நெசத்தச் சொல்லிட்டு வந்து ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள்.

சங்கத்தைக் கேட்டது நான். அய்யாக்குட்டிக்கு அப்போது நினைவு இல்லை. மற்ற ஆட்களுக்கும் இதில் சம்பந்தமில்லை.

ஏட்டு எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். முடிவில், அறியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி இருந்தது. என் நன்மைக்காகச் சேர்த்ததாகச் சொன்னார். அறிந்துதான் செய்தேன் என்பதால் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகு உள்ளது யாவும் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) மரியான் வாஸ்