இரண்டாவது பாஸ்கோ

பழைய மையைப் படிக்க மேகம் மூடிய பகலே நல்லது. வெயில் பட்டால் தோல்தாள் பளபளக்கும், எழுத்து ஒளிந்துகொள்ளும். நேற்று நீங்கள் அண்டை ஊர்க் கோயிலில் அந்த ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தபோது வானம் மூடியிருந்தது. ஆகவே சரியாகத்தான் படித்திருப்பீர்கள். இருந்தும் நான் ஏன் அதைப் படிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தெர்ஸா லஸ்கம் உங்கள் தாத்தாவின் அக்காள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தெர்ஸா பண்ணை வீடொன்றில் நெடுங்காலம் குடியிருந்தாள். பண்ணை கைமாறியது. குளிர் தொடங்கும் முன் காலி செய்யும்படி புதிய முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் வெதர்கோம்பில் முதியோருக்கான தரும வீடுகள் ஒரு வரிசை உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆனர் யெல்லண்ட் என்ற பணக்காரக் கைம்பெண் கட்டிவைத்தவை அவை. தன் சகோதரன் வழியில் வந்தவர்களுக்கே முதலிடம் தரவேண்டும் என்று அந்த அம்மையார் உயில் எழுதிப் போனார். அவ்வாண்டு ஒரு வீடு காலியாயிற்று. தெர்ஸா பென்சிலும் தாளுமாகக் கோயிலில் உட்கார்ந்து, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று ஒவ்வொன்றாகத் தேடி, தன் வழியை அந்தச் சகோதரனின் மகன் பாஸ்கோ யெல்லண்ட் வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அறங்காவலர்கள் அதைச் சரிபார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான். அதைவிட, பொய் சொல்லாதவன் என்று பெயர் எடுத்தவன். மேடை மேடையாக நின்று, பிறப்பு ஒரு தகுதியா என்று கேட்டவன். உழைத்தவன் கை காய்த்துக் கிடக்க, இன்னாருக்குப் பிறந்தவன் என்பதற்காக ஒருவனுக்குக் கூரை கிடைப்பது அறமா என்று துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தவன்.

எங்கள் ஊர்ப் பதிவேட்டில் குழந்தை பாஸ்கோவின் ஞானஸ்நானம் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலேயே அடக்கமும் இருந்தது. பிறந்த மாதமே இறந்த பிள்ளை. வம்சவழி தேடும் வேலையில் இதுதான் முதல் பாடம். தொட்டிலைக் கண்டவுடன் துள்ளக்கூடாது, கல்லறையையும் பார்க்கவேண்டும். தெர்ஸா பார்க்கவில்லை. அவளிடம் சொன்னேன்.

"என்ன ராசா, என் முப்பாட்டன் செத்துட்டானா?" என்றாள். ஊரில் எல்லாரையும் அவள் ராசா என்றுதான் அழைப்பாள், அஞ்சல்காரர் முதல் ஆடு வரை. "செத்த புள்ள இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இதே கோயில்ல மோதிரம் மாத்திச்சா? கல்யாணம் எழுதியிருக்கே, உங்க கண்ணுல படலியா?"

"அது வெளியூரிலிருந்து வந்த வேறொரு பாஸ்கோவாக இருக்கலாம், தெர்ஸா."

"லாம், லாம். மேடையில மட்டும் நிச்சயமாப் பேசுவீங்க. சரி, பேச்சாளரே, அப்ப நான் யாரு வழி? பேய் வழியா?"

கேள்வி நியாயமானது. இறந்த மகனின் பெயரை அடுத்த மகனுக்கு வைப்பது அக்காலத்து வழக்கம். தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுத்த பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனாள். அங்கே, அண்டை ஊர்க் கோயிலில், இரண்டாவது பாஸ்கோவுக்கு நீர் தெளித்தார்கள். நீங்கள் நகலெடுத்து வந்திருப்பது அந்த வரிதான். தகப்பன் பெயர், தாய் பெயர், தகப்பனின் ஊர் வெதர்கோம்ப் என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருக்கின்றன.

அறங்காவலர் கூட்டத்தில் அதை நான் சொல்லவில்லை. மாறாக, எழுந்து நின்று பேசினேன். குருதியைக் காட்டிக் கூரை கேட்கும் வழக்கம் இந்த அறையோடு ஒழியட்டும் என்றேன். கைதட்டினார்கள். இறந்த குழந்தையை முன்னிறுத்தி எழுந்த கோரிக்கை என்று ஒரு சொற்றொடர் இடையில் வந்து விழுந்தது. பேச்சின் ஓட்டத்தில் வந்ததுதான்.

பெதிபிரிட்ஜ் என்ற விவசாயி அதைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குச் செத்த கொழந்தையை எழுப்புவா, நாளைக்கு ராணி எனக்கு அத்தைம்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார் கார்டியூ மட்டும், "வழி இல்லாட்டிப் போகுது, ஏழைங்கற கணக்குலயாவது கொடுக்கலாமே" என்றார். "புளுகுறவளுக்கா?" என்றார் பெதிபிரிட்ஜ். அவள் புளுகவில்லை, தவறாக எண்ணிவிட்டாள், அவ்வளவே என்று நான் சொல்லியிருக்கலாம். என் உரை முடிந்து நான் அமர்ந்துவிட்டிருந்தேன். அமர்ந்தவர் மீண்டும் எழுவது கூட்ட மரபல்ல. அறங்காவலர்கள் அவள் கோரிக்கையைத் தள்ளி, கூரை பழுதென்று வீட்டை வசந்தம் வரை பூட்டிவைத்தார்கள்.

தெர்ஸா வயலோரம் கிடந்த ஒரு பழைய கேரவன் வண்டிக்குக் குடிபோனாள். ஊர்ப் பிள்ளைகள் அவளைப் பேய்ப் பேத்தி என்று கூப்பிட்டன. ஒருமுறை ரொட்டிக் கடையில் என்னைக் கண்டு, "வாங்க ராசா, உங்க சமத்துவம் ரொம்பக் குளிருது" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சனவரிப் பனியில் அவள் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. கேரவன் கதவு உறைந்துபோய்ச் சம்மட்டியால்தான் திறந்தது என்றார்கள். அடக்கத்தின்போது இரங்கலுரை ஆற்றினேன். உருக்கமாக இருந்ததென்று பலர் கைகுலுக்கினார்கள். அந்தக் கைகளின் சூடு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதைத்தான் குற்ற உணர்வு என்பார்கள் போலும்.

இதுவரை நான் சொன்னதை நீங்கள் ஒரு கொள்கை வெறியனின் பிழை என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதிக்கொண்டேன். ஆனால் உங்களிடம் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த வரியை நான் எப்போது கண்டேன் என்பது.

நான் நடத்திய அச்சகத்தை மூடிய பிறகு எனக்கு ஓய்வூதியம் இல்லை. சேணக்கடையின் மாடியில் வாடகை அறை, மழை பெய்தால் பாத்திரம் வைக்கவேண்டும். என் தாயின் தாய் வழியைத் தேடிக்கொண்டே போனேன். அது இரண்டாவது பாஸ்கோவின் இளைய மகளிடம் போய் நின்றது. தெர்ஸாவின் வழி மூத்த மகளுடையது. அவளும் நானும் ஒரே கொடியில் காய்த்தவர்கள். காலியான வீடோ ஒன்றே ஒன்று.

அவள் பென்சிலைச் சீவும் முன்பே அந்த வரி எனக்குத் தெரியும். அண்டை ஊர்ப் பதிவேட்டையும் பார்க்கலாமா என்று அவள் என்னிடம்தான் வந்து கேட்டாள். அது ஈரத்தில் அழுகிப் போய்விட்டது, பேருந்துக் காசு வீண் என்று சொன்னேன். நம்பினாள். ஊரே நம்பும் வாய் அல்லவா.

வசந்தத்தில், புதிதாகக் கண்டெடுத்ததாகச் சொல்லி அந்த வரியை என் வழியோடு சேர்த்து அறங்காவலர்கள் முன் வைத்தேன். "அடடா, கொஞ்சம் முன்னாடியே கெடைச்சிருந்தா பாவம், தெர்ஸாவுக்கும்..." என்று பாதிரியார் நிறுத்தினார். ஆமாம் என்றேன். வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பம் இடுகிறேன். ஆனால் பிறப்புரிமையை எதிர்த்து நான் பேசியவை அத்தனையும் உண்மை. அவற்றில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை, வீட்டையும் திருப்பித் தரவில்லை.