லண்டனுக்குப் போன நீல உறை

'ஆகாயத் தபால்' என்ற நீலச் சீட்டு ஒட்டாத கடிதம், எத்தனை முத்திரை ஒட்டியிருந்தாலும், கப்பலில்தான் போகவேண்டும். அது தபால் விதி. மண்முனை ஓடத்தில் என் எதிரே இருந்த காத்தான்குடி நெசவாளிக்கு விதி தெரியாது.

"மாரி வெள்ளத்தில நீங்க வெல்லாவெளிக்குப் போய்ச் சேரக்குள்ள என்ட கடிதம் லண்டனுக்குப் போயிரும், போடியார்!"

பக்கத்திலிருந்த வயல்காரப் போடியார், நெசவாளியை அண்ணன் முறையில் அழைத்துச் சிரித்தார். "புளுகாதேங்க காக்கா. கப்பலுக்கே மூணு நாலு கிழமை வேணும்."

"ஆகாயக் கப்பலுக்கு ஒரு கிழமைதான். மகள்ட கலியாணத்துக்கு அங்க இரிக்கிற மூத்தவன்ட சம்மதம் வேணும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள பதில் வராட்டி வேற பொண்ணு பார்ப்பமெண்டு மாப்பிள்ளை வீட்டார் சொல்லிட்டாங்க."

"நீலச் சீட்டு ஒட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"சீட்டா? ஆகாயத் தபால் நீலமா இரிக்கோணும் எண்டுதானே சொன்னாங்க! உறையையே சாயச் சட்டியில முக்கி எடுத்தன்."

ஓடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப அது இன்னும் கடல்லதான் மிதக்கும்," என்றார் போடியார்.

"மிதக்குமா? 'வாப்பா, ஆகாயத் தபால்ல வந்து சேர்ந்திச்சு, இங்கத்தத் தபால்காரன்ட கையெல்லாம் நீலம், எனக்குச் சம்மதம்' எண்டு மகன் எழுதியிரிக்கான்!"

"பதிலே வந்திட்டுதா? எப்ப?"

நெசவாளி எழுந்து நின்றார். ஓடம் ஆடியது.

"பெருநாளுக்கு முதல் நாள்!"