பின்தகட்டில் இருந்த எண்

துணி காயவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு மேல் டிரையரில் ஒரு கோளாறும் இருக்காது, ஐயா. கதவுக்குக் கீழே ஒரு வலை இருக்கிறது. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சு அதில்தான் வந்து சேரும். அதை அவ்வப்போது எடுத்துப் போட வேண்டும், யாரும் போடுவதில்லை. நான் போய் வலையை உருவினால் போர்வைத் துண்டு மாதிரி ஒன்று வரும். இதற்காகவா ஒரு ஆளை வரவழைத்தோம் என்று வீட்டுக்காரர்களுக்குக் கூசிப்போகும். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வருவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருவரையும் நான் வெட்கப்பட வைத்ததில்லை.

ஸ்டேஷனுக்கு வந்த என்னிடம் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். சோதனைக்குப் போட்ட வயரை எடுக்க மறந்துவிட்டேன், அதனால் டிரையர் தீப்பிடித்து ஒரு மனிதர் இறந்துபோனார் என்று. வருகிற திங்கட்கிழமை அவனுக்குத் தண்டனை சொல்லப்போகிறார்கள். அவன் பொய் எழுதவில்லை. தனக்குத் தெரிந்தவரை எழுதியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது தப்பு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சூடான காற்றைத் துணிக்குள் விட்டு, ஈரத்தோடு அதைப் பின்பக்கக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிற பெட்டிதான் டிரையர். குழாய் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும். அதற்காகப் பின்தகட்டுக்கு உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். சூடு அளவு மீறினால் அது செத்துப்போய் வீட்டைக் காப்பாற்றும். அப்புறம் டிரம் சுற்றும், சூடு மட்டும் வராது. ஃபியூஸ்தான் போயிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு சாண் வயரை அதன் குறுக்கே போடுவோம். சூடு வந்துவிட்டால் ஃபியூஸ் போச்சு என்று அர்த்தம். உடனே வயரை எடுத்துவிட்டுப் புது ஃபியூஸ் மாட்ட வேண்டும். எடுக்காமல் விட்டாலும் மெஷின் ஓடும், நன்றாகவே ஓடும். தடுக்க மட்டும் ஆள் இருக்காது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பின்தகட்டைக் கழற்றியவன் அதைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால், உள்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் தன் எண்ணையும் தேதியையும் கீறிவைக்க வேண்டும். மையால் எழுதினால் சூட்டில் அழிந்துவிடும். வயர் கிளிப்பிலும் அவரவர் எண்ணைப் பொறித்துக்கொள்வோம். கடைசியாக யார் கை பட்டது என்று அடுத்து வருகிறவனுக்குத் தெரியும். எண் இல்லை என்றால் அவன் அந்தத் தகட்டைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். பல பேருடைய வண்டவாளத்தை நானே இதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மச்சினனை வேலையில் சேர்த்துவிட்டது நான்தான். மனைவி கேட்டாள், நான் மேனேஜரிடம் போய் நின்றேன். வேலையில் அவன் சுமார் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் எழுத முடியாது. நன்றாகச் செய்வான். வாசற்படியில் நின்றபடியே பெல்ட் தேய்ந்த சத்தம் எது, உருளை தேய்ந்த சத்தம் எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும், அவனால் முடியாது. ஆனால் அவன் வீட்டுக்காரம்மாவின் மூட்டுவலியை விசாரிப்பான். பிள்ளையின் பரீட்சையை விசாரிப்பான். போன தடவை சொன்ன வலி இப்போது எந்தக் காலுக்கு மாறியிருக்கிறது என்பதுவரை அவனுக்கு ஞாபகம் இருக்கும். ஆறே வருஷத்தில், போன் செய்கிறவர்கள் எல்லாரும் அந்தத் தம்பியை அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தத் தம்பிக்கு ஒழியாத நாளில் நான் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கையைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கள் பகுதிக்கு அவனை சூப்பர்வைசராகப் போடப்போகிறார்களாம். அடுத்த வாரம் முழுக்கப் பயிற்சியாம்.

"மாமா, நீங்க இருக்கும்போது நான் எப்படின்னு கேட்டுட்டேன். நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்," என்றான்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். பாய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஐயா. பாயட்டுமா என்று அனுமதி கேட்கிற கடாவை என்ன செய்வது? போயிட்டு வா என்றேன். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். சாப்பிட்டு முடித்து அக்காவும் தம்பியும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பை கூடத்தில் கிடந்தது. அதிலிருந்து ஒரு வயரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது, இதை நீங்கள் நம்ப வேண்டும். அடுத்து வந்த நாளெல்லாம் அது என்னோடுதான் இருந்தது. சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் அவன் பயிற்சியில் இருந்தான், பையைத் தொடவில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகும் அது அவனுக்குத் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை, பின்னால் தீப்பிடித்த அந்த நர்ஸ் வீட்டிலிருந்து போன் வந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால் அவன்தான் அங்கே போய் ஃபியூஸ் மாற்றிவிட்டு வந்திருந்தான். இப்போது மறுபடியும் துணி காயவில்லை என்றார்கள். நான் போனேன்.

கதவைத் திறந்ததும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, அந்தத் தம்பி வரலையா என்பது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்து இப்போதுதான் படுத்திருக்கிறார். டிரையர் இருக்கிற அறைக்கும் அவர் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், இரண்டுக்கும் பொதுவாக ஒரே கதவுதான்.

"கொஞ்சம் சத்தமில்லாம பாருங்கண்ணா," என்றாள்.

செருப்பை வெளியிலேயே கழற்றினேன். உள்ளே போகும்போது தலைக்கு மேலே புகை மணி வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது, அதில் பேட்டரி இல்லை. அடுப்பைப் பற்ற வைத்தாலே அலறி அவரை எழுப்பிவிடுகிறது, அதனால் எடுத்துவைத்துவிட்டேன் என்றாள். கேட்டுக்கொண்டேன். அது என் வேலையில் சேராது.

அவள் சமையலறைக்குப் போனாள். வலையில் கொஞ்சம் பஞ்சு இருந்தது. அந்த அளவுக்கெல்லாம் துணி காயாமல் போகாது. மெஷினின் கால்களுக்கு அடியில் பழைய துணியைச் செருகி, தரை கீச்சிடாமல் மெதுவாக முன்னால் இழுத்தேன். பின்னால் குழாய் சுவரில் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே அவனுடைய எண், ஒன்பது நாள் முந்தைய தேதி. அவன் மாட்டிய புது ஃபியூஸ் செத்துப்போயிருந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான் என்று நினைத்தேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு வரவழைக்கிற தம்பி, மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். நான் செய்ய வேண்டியது இருபது நிமிஷ வேலை. குழாயை நிமிர்த்த வேண்டும், ஃபியூஸ் மாற்ற வேண்டும், என் எண்ணைக் கீற வேண்டும். புது ஃபியூஸ் என் பையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் முட்டி போட்டபடியே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை விடுவது கேட்டது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து வயரை எடுத்து, செத்த ஃபியூஸின் குறுக்கே போட்டேன்.

எண் கீறவில்லை. வழக்கமாக ஸ்க்ரூக்களை டிரில் மெஷினால்தான் முடுக்குவேன். அன்றைக்குச் சத்தம் வரக் கூடாது என்று எட்டையும் கையாலேயே முடுக்கினேன். மெஷினை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளிவைத்தேன். குழாய் ஏற்கெனவே நசுங்கித்தான் இருந்தது, நான் புதிதாக எதையும் நசுக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் சூடு வந்தது. நர்ஸ் வந்து கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். 'வலையில் அடைப்பு. நீக்கப்பட்டது. பின்தகடு திறக்கப்படவில்லை' என்று சீட்டில் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அசையக்கூட இல்லை, ரொம்ப நன்றி அண்ணா என்றாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

நான் நினைத்தது இவ்வளவுதான். துணி கருகும், நாற்றம் வரும், அவள் போன் செய்வாள். கம்பெனி ஆள் வந்து தகட்டைத் திறப்பான். உள்ளே மச்சினன் எண் பொறித்த கிளிப் இருக்கும், அவன் பதவி போய்விடும். குழாயும் நசுங்கி, ஃபியூஸின் காவலும் இல்லாத மெஷின் இரண்டு வாரம் தாங்கினால் பெரிது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நாட்களில் இரண்டு தடவை அதே தெரு வழியாகப் போனேன். இரண்டு தடவையும் நேரம் ஆகிக்கொண்டிருந்ததால் நிற்கவில்லை.

பதினோரு நாள் தாங்கியது. நர்ஸ் காலையில் யூனிபாரத்தை டிரையரில் போட்டு ஓடவிட்டுவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருக்கிறாள். முக்கால் மணி நேரம்தான். தீ அவர் படுக்கைவரை போகவில்லை, புகையே போதுமானதாக இருந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

தகட்டையும் கருகிய கிளிப்பையும் மச்சினனிடம் காட்டினார்கள். அவன் தன் பையைத் திறந்து பார்த்தான். வயர் இல்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பையைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"எடுத்த மாதிரிதான் மாமா ஞாபகம். ஆனா பையில இல்லையே. அப்ப நான்தான் மறந்திருக்கேன்," என்றான்.

அவன் சண்டை போடுவான், யாரும் நம்ப மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவன் சண்டையே போடவில்லை. தன் ஞாபகத்தை நம்பாமல் பையை நம்பினான். அதற்கப்புறம் நான்கு மாதம் என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. நீங்களும் அங்கே போனீர்களே, பின்னால் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். காரணம் இல்லாமல் திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். அவளும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்று கோர்ட்டுக்கு நர்ஸ் வந்திருந்தாள். வராந்தாவில் அவளைப் பார்த்ததும் மச்சினன் எழுந்து நின்றான். அவள் நேராக வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேணும்னு செய்யல தம்பி. ஸ்விட்சைப் போட்டுட்டு வெளிய போனவ நான். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அவன் அழுதான். அவளும் அழுதாள். என் மனைவி அவர்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு நான் மூன்று அடி தள்ளி நின்றேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. கொன்றவனாகக்கூட அவன்தான் அவர்களுக்குப் பிடித்தமானவனாக இருந்தான். வீட்டுக்கு வந்ததும், இனி அவன் ஜெயிலுக்குப் போனாலும் தாங்குவேன், அந்தம்மா மன்னித்துவிட்டார்கள் என்று சொல்லி என் மனைவி வயிறாரச் சாப்பிட்டாள். உண்மையை மூடி வைப்பது பாவம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இதுவரை படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மெஷின் இருந்த இடத்தைப் பற்றி நர்ஸ் அன்றைக்கு ஏதாவது சொன்னாளா என்று. சொன்னாள். சீட்டில் கையெழுத்துப் போடும்போது சொன்னாள். தேய்க்கிற மேஜையைப் போட இடம் போதாமல், வீட்டுக்காரர் போன சனிக்கிழமை மெஷினை முட்டியால் சுவரோடு தள்ளிவிட்டாராம். அதாவது குழாயை நசுக்கியது என் மச்சினன் இல்லை. அது தெரிந்தபோது நான் வேலையை முடித்திருந்தேன். மறுபடி இழுத்துக் கழற்றினால் சத்தம் வரும், அவர் எழுந்துவிடுவார். ஆனாலும் மெஷினுக்குப் பின்னால் அவன் ஒரு கட்டையை அணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நானாக இருந்தால் வைத்திருப்பேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயரைப் போட்டது நான். அது என்ன செய்யும் என்று தெரிந்து போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்குவதும், தலைக்கு மேலே மணி அடிக்காது என்பதும் தெரிந்து போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த அம்மாவை வரவழைத்து இதைப் படித்துக் காட்டுங்கள், ஐயா. எனக்கு மன்னிப்பு வேண்டாம், கிடைக்காது என்றும் தெரியும். அவனுக்குக் கொடுத்ததை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தப்பே செய்யாதவனுக்கு அது எதற்கு?