பச்சைக் கோடு போட்ட புட்டி

பெயர் செர்வாஸ் வெர்ஹாசல்ட். வயது 61. தகப்பனார் பெயர் ஒடில், காலமாகிவிட்டார். பிரஸ்ஸல்ஸ் டிராம் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கோயிக் கிராமத்தில், தேவாலயத்துக்குப் பின்தெரு, கதவு எண் 9-இல் தனியாக வசித்து வருகிறேன். மே மாதம் 14ஆம் தேதி புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், விசாரணை அதிகாரி முன் சொல்வதாவது.

சொல்லத் தொடங்கும் முன், ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கும் புட்டியை வெயிலிலிருந்து எடுத்துப் படுக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். முத்திரை வைக்கும்வரை சான்றுப் பொருளைத் தொட முடியாது என்று அதிகாரி சொன்னார். திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டார்.

புகார் கொடுத்திருக்கும் ரெமி டி கைப்பர் என் தங்கை லுட்கார்டின் கணவர். அவரும் நானும் முப்பது வருடமாக லாம்பிக் பியர் சேகரித்து வருகிறோம். எங்கள் பக்கத்தில் அதைப் பீப்பாயோடு வாங்கி வந்து, இளசும் பழசும் கலந்து வீட்டிலேயே புட்டியில் அடைப்பார்கள். அடைத்த பிறகு அது உள்ளே மறுபடி புளித்து வாயு கட்டும். மேல்பக்கம் எது என்று தெரியச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு நிலவறையில் படுக்க வைப்போம். அதன் பிறகு தொடுவதில்லை, சிலந்தி வலை கட்டினாலும் துடைப்பதில்லை.

கடந்த அக்டோபரில் அப்படி அடைத்தபோது, ருசிக்காக இளசை அளவுக்கு மீறிச் சேர்த்தேன். அதில் சர்க்கரை மிச்சம் இருக்கும், வாயு அதிகமாகக் கட்டும் என்பது எனக்குத் தெரியும். கனமான புட்டிகள் தீர்ந்துபோய் ஏழு புட்டி அளவு மிஞ்சியது. கொட்ட மனசு வராமல் சாதாரண ஒயின் புட்டிகளில் அடைத்து, தக்கையைக் கம்பியால் கட்டி, அடையாளத்துக்குப் பச்சைக் கோடு போட்டேன். அதன் பிறகு புத்தாண்டு அன்று அதில் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தேன். என் கலவைகளிலேயே இதுதான் உசத்தி என்று எல்லோர் முன்பும் பீற்றிக்கொண்டேன். புட்டி மெலிசு என்று சொல்லவில்லை.

மே 8ஆம் தேதி வியாழக்கிழமை நல்ல வெயில். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நிலவறையில் ஒரு புட்டி வெடித்தது. இறங்கப் போன நான் படியிலேயே நின்றுவிட்டேன். அதன் பிறகு மற்ற ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. உருளைக்கிழங்கு மூட்டையில் கண்ணாடி விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. பயந்துபோனேன், ஆனால் வெட்கம் அதை முந்திக்கொண்டது. மறுநாள் சேகரிப்பாளர் சங்கத்தார் என் வீட்டுக்கு வருவதாக இருந்ததால் எல்லாவற்றையும் கூட்டி, மூட்டையோடு கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டேன். ஆகையால் இன்று காட்டுவதற்கு என்னிடம் ஒரு சில்லுகூட இல்லை.

அதையெல்லாம் முடித்துக் கை கழுவும்போதுதான் ஏழாவது புட்டி ஞாபகம் வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கும் ரெமிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது. அன்று அந்தப் புட்டியைத்தான் திறப்பதாக இருந்தார்கள். இரண்டு நாள் முன்பே மேலே கொண்டுவந்து சமையலறையில் பிரம்புக் கூடையில் சாய்த்து வைப்பது அவர்கள் வழக்கம். அந்த வீட்டில் திறப்பது எப்போதும் லுட்கார்ட்தான். அடிமண்டி கலங்கக்கூடாது என்று முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு திறப்பாள்.

வெடித்த அன்று மாலையே போய் ரெமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நாலு வருசம் முன்னாடி காடியாப் போச்சுன்னே. இப்ப வெடிக்கும்ங்கறே. அடுத்த தடவை என்ன மச்சான், பேய் புடிச்சிருக்குன்னு சொல்லி எடுத்துட்டுப் போவியா?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான்கு வருடத்துக்கு முன், மூடிப்போன ஒரு பியர் ஆலையின் கடைசிப் புட்டி அவரிடம் இருந்தது. தக்கை கசிந்துவிட்டது, உள்ளே காடிதான் என்று சொல்லி அதை வாங்கி வந்தேன். அது கெடவே இல்லை. ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முள்ளங்கியும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து குடித்தேன். அதைவிட நல்லதை நான் குடித்ததில்லை. காலிப் புட்டியை எறிய மனமில்லாமல் அலமாரியில் வைத்தேன், ரெமி பார்த்துவிட்டார். இதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அதன் பிறகு இரண்டு முறை போய்ச் சொன்னேன். தங்கையும் சிரித்தாள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை நண்பகல், ரெமி பந்தயப் புறா வளர்ப்போர் சங்கத்துக்கும் தங்கை வேலைக்கும் போயிருந்தபோது, பூந்தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை எடுத்து அவர்கள் நிலவறைக்குள் போனேன். வெல்டிங் முகமூடியும் தோல் கையுறையும் போட்டிருந்தது உண்மை. அடையாளத்தை மறைக்கத்தானே என்று அதிகாரி கேட்டார். கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள என்றேன். பச்சைக் கோட்டைத் தேடி எடுத்து, படுத்த வாக்கிலேயே கூடையில் வைத்துப் படியேறியபோது தங்கை எதிரே வந்துவிட்டாள்.

"ஏண்ணா, கேட்டா குடுக்க மாட்டோமா? இதுக்கு இந்த வேஷமா?" என்று கூடையைப் பிடிக்கக் கை நீட்டினாள். கிட்டே வராதே என்று கத்தினேன். அவளிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கீழே போட்டு உடைக்கலாம் என்றால் அவள் இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறாள். அப்படியே நின்றேன். அதன் பிறகு ரெமி வந்தார், போலீஸ் வந்தது.

இன்று மதியம் தங்கை இங்கே வந்து என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டால் ரெமி புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருண்ணா. ஞாயித்துக்கெழம நான் தெறக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும்" என்றாள். புகார் வாபஸானால் புட்டி என்ன ஆகும் என்று அதிகாரியிடம் கேட்டேன். இன்று மாலையே உரியவரிடம் ஒப்படைக்கப்படும் என்றார். வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தீர்ப்பு வரும்வரை சான்றுப் பொருள் அறையில் இருக்கும் என்றார். அந்த அறை எங்கே என்று கேட்டேன். அடித்தளத்தில், ஜன்னல் கிடையாது, கோடையிலும் குளிரும் என்றார்.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மேற்படி புட்டியை, ரெமிக்குச் சொந்தமானது என்று தெரிந்தே, திருடும் எண்ணத்துடன் எடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கொண்டுபோகிறவர் கம்பளியில் சுற்றி, பச்சைக் கோடு மேலே இருக்கும்படி, முகத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போகட்டும்.

எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. திருட்டு என்ற சொல் அப்படியே இருக்கட்டுமா என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். இருக்கட்டும் என்றேன். சொன்னது எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. வெர்ஹாசல்ட்