எரியாத கட்டை

தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோணல். கோடாலி பிடித்த கை, பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது. ‘ழ’ எழுதும்போது இரண்டு முறை முனை ஒடிந்தது. எழுபத்திரண்டு வயதில் என் எழுத்தை நானே வாசிக்கிறேன்... அந்தச் சந்தோஷத்தில் குரல் நடுங்கினால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வகுப்பால் என்ன கிடைத்தது என்று சொல்லச் சொன்னார்கள். பெரிய பேச்சு எனக்கு வராது. அடுப்பில் வைக்கிற ஒரு கட்டை அளவுக்குக் கதை சொல்கிறேன்... கேளுங்கள்.

நான் விறகு வெட்டுகிறவன். நம் கோத்தகிரிக் குளிரில் வீட்டுக்கு வீடு கணப்பு எரிய வேண்டும். தை மாதம் வெட்டி, பிளந்து, பட்டை மேலே இருக்கும்படி அடுக்கி, வெயில் காட்டி, ஆனி மழைக்கு முன்னே உள்ளே ஏற்ற வேண்டும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு கட்டையைத் தட்டிப் பார். கணீர் என்றால் காய்ந்தது. தொப்பென்றால் பச்சை. ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன், தன் வீட்டுக்குச் செய்தானா? செய்யவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசிக் காற்றில் எங்கள் வேலியோரச் சீகை மரம் சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பழனியாண்டி வீடு. வேர் அவன் பக்கம். தலை என் பக்கம். அவன் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருவதற்குள் நான் வெட்டிப் பிளந்து அடுக்கிவிட்டேன்.

“ஏம்ப்பா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“எம்பக்கம் விழுந்த மரத்துக்கு உங்கிட்ட என்ன வார்த்தை?”

“அப்ப நாளைக்கு நான் உம்பக்கம் விழுந்தா, என்னையும் பொளந்து அடுக்கிருவியா?”

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அந்த மரத்தை நம்பி, அந்த வருஷம் நான் வேறு விறகு சேர்க்கவில்லை. ஆடி மழையில் என் மனைவி அங்கம்மாள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். குறைமாதப் பிள்ளை. “சூடு குறையக் கூடாது, புகையும் ஆகாது” என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். என்னிடம் இருந்ததோ பச்சை விறகு. பற்றவைத்தால் கட்டை நுனியில் நுரை தள்ளியது. எரித்தால் பிள்ளைக்கு இருமல். அணைத்தால் உதடு நீலம்... பழனியாண்டி வீட்டில் இரண்டு வருஷம் காய்ந்த விறகு இருந்தது. எனக்குத் தெரியும். கேட்டேனா? வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால்... வாசலில் ஒரு சுமை விறகு. தட்டினேன். கணீர். மேலே கிடந்த கட்டையில் கரியால் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ‘மரத்திருடனுக்குப் பிச்சை.’ வேறென்ன எழுதுவான்?

அந்தக் கட்டையை வேலிக்கு மேலே எறிய ஓங்கினேன். உள்ளே பிள்ளை இருமியது. கை இறங்கிவிட்டது. சட்டைக்குள் மறைத்துப் பரணில் போட்டேன். அங்கம்மாள் மூன்றாவது வரை படித்தவள், காட்டியிருந்தால் வாசித்திருப்பாள். அவளுக்கும் எதற்கு அந்த அவமானம் என்று காட்டவில்லை.

“ஏது வெறகு?” என்றாள்.

“வாங்கிப் போட்டேன்” என்றேன்.

மிச்ச விறகு புகையில்லாமல் எரிந்தது. வீடு சூடானது. பிள்ளை பால் குடித்தது. நான் பழனியாண்டியோடு முப்பத்தொரு வருஷம் பேசவில்லை.

போன மாதம் விமலா டீச்சர், “வீட்ல எழுத்து இருக்கிற எதையாவது வாசிச்சிட்டு வாங்க ஐயா” என்றார். தீப்பெட்டியை வாசித்தேன். சோப்பை வாசித்தேன். அப்புறம்... பரணில் ஏறினேன். தூசியை ஊதினேன். எழுத்துக் கூட்டினேன். இ... தை. மு... த... லில். எ... ரி.

இதை முதலில் எரி.

அவ்வளவுதான். இருந்ததிலேயே நன்றாகக் காய்ந்த கட்டையை மேலே வைத்து, அதில் எழுதியிருக்கிறான். கட்டையோடு அவன் வாசலில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான்.

“எரிக்கச் சொன்னதைத் தவிர மத்ததெல்லாம் எரிச்சிருக்க.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அங்கம்மா படிக்கும்னு எழுதினேன். உங்கிட்டதான் பேச்சில்லையே.” பிறகு கட்டையை வாங்கி நிலைப்படியில் தட்டினான். “நல்லாத்தான் காஞ்சிருக்கு. உள்ள வா.”

அன்று அந்தக் கட்டையை அவன் கணப்பில் வைத்தோம். அதுதான் முதல் கட்டை.

அன்பானவர்களே, எழுத்து தெரியாதவன் வாசிப்பதில்லை என்றா நினைக்கிறீர்கள்? வாசிக்கிறான். தன் மனசில் இருப்பதையே எதிரே வாசிக்கிறான். என் மனசு பச்சை விறகு, முப்பத்தொரு வருஷம் புகைந்தது. யாருக்குச் சூடு கொடுத்தது? ஒருவர் செய்தது உங்களுக்குப் புரியவில்லையா... கேளுங்கள். தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள். கெட்டதாக வாசித்துப் பரணில் போடாதீர்கள்.

எழுத்துக் கொடுத்த டீச்சருக்கு நன்றி. விறகு கொடுத்தவன் மூன்றாவது வரிசையில், கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவள்தான் அந்தப் பிள்ளை, செல்வராணி. மடியில் அவள் பிள்ளை.

பழனியாண்டி, உன் எழுத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அடுத்த வாரம் ஒரு சீகைக் கட்டையில் கரியால் எழுதி உன் வாசலில் வைக்கிறேன். இரண்டே சொல்... ‘குளிர் விட்டது.’ எழுத்து கோணலாகத்தான் இருக்கும். வாசித்துவிட்டு, அதை முதலில் எரி.