ஜவுபரின் பச்சைப் புள்ளி

எங்கள் கல்முனைக்குடியில் அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியை இனி யாரும் வாங்கப் போவதில்லை, ஐயா. கம்பனிக்காரன் மாதச் சந்தாவை ஏற்றிக்கொண்டே போகிறான். பெட்டி செய்வதையே விட்டுவிடுவான் என்றும் கதை அடிபடுகிறது. போன வருடமே ஜவுபர் இதைச் சொன்னான். எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

ஜவுபர் என் சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், மகன்; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான். மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆடவிடும் கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினோம். ஆறு பெட்டி, ஆறு டீவி. அவனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. பயணம் போகும் அன்று பகல் விடைபெற வந்தான். நான் கடைப் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு இனி எதிர்காலம் இல்ல காக்கா. வித்துப்போட்டு நீங்களும் வாங்க" என்றான்.

எழுந்து தள்ளினேன். மேசை மூலையில் பிடரி அடிபட்டு விழுந்தான். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். ஆனால் இணையத்தில் ஆடும் ஆட்டத்தை இடையில் நிறுத்த முடியாது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மூச்சு இல்லை.

பின்னறையில் ஜெனரேட்டருக்குச் சீமெந்துத் தளம் போடவேண்டியிருந்தது. போட்டேன். அதற்கடியில் அவனை மக்காத் திசையான கிப்லாவைப் பார்க்க வைத்துத்தான் கிடத்தினேன். ஜனாஸாத் தொழுகையும் தனியே தொழுதேன்.

அவன் மனைவி சஹ்லா பாவம். தன்னோடு சண்டை பிடித்துக்கொண்டு புறப்பட்டவன், அந்தக் கோபத்தில்தான் பேசவில்லை என்று முதலில் நினைத்தாள். ஒரு மாதம் கழித்து அழுதுகொண்டு கடைக்கு வந்தாள்.

"அவர் மவுத்தாப் போயிருந்தா நான் விதவையா அறைக்குள்ள இத்தா இருக்கணும் காக்கா. உசிரோட இருந்தா காத்திருக்கணும். ஒண்டும் தெரியாம எப்பிடி இருக்கிற?"

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஜவுபரின் பெயரில் சந்தா கட்டி, தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவனாக உட்கார்ந்து ஆடினேன். சஹ்லா வீட்டுப் பெட்டியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அவன் ஆட்டத்தில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரியும். அதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பாளாம். எட்டு மாதம் அவளைச் சந்தோசமாக வைத்திருந்தேன்.

பிறகு நோன்பு வந்தது. பத்தாம் நோன்பன்று மறுபடியும் வந்தாள். இந்த முறை அழவில்லை.

"கத்தார்ல நோன்பு திறக்க நம்மளவிட ரெண்டு மணித்தியாலம் பிந்தும்தானே காக்கா?"

"ஓம்."

"அப்ப ஏன் அவர்ர புள்ளி ஒவ்வொரு நாளும் நம்மட பள்ளிவாசல்ல நோன்பு திறக்கச் சொல்ற பாங்கோட அணையுது?"

அங்கிருந்து நேரே பொலிசுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்களும் தளத்தை உடைத்துவிட்டீர்கள்.

கம்பனி சேவையை மூடட்டும் என்றுதான் காத்திருந்தேன். புள்ளி தானாக அணைந்திருக்கும், யார்மீதும் குற்றமில்லை. அதுவரை தினமும் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஆடியிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் பாங்கு சொன்ன பிறகு நோன்பு திறக்கப் பிந்தக்கூடாது. பருவமடைந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் நான் பாழாக்கியதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.