வாளியில் வந்த மாப்பிள்ளை

“மாப்பிள்ள மூச்சு முட்டுறாரு, தண்ணி ஊத்து.”

குமுளியிலிருந்து ஏலப்பாறை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் கால்களுக்கு நடுவே, வலை கட்டிய வாளியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை மீன்.

“மாப்பிள்ளைக்கும் லக்கேஜ் சீட்டு எடுக்கணும் கேட்டோ” என்றார் மலையாளி நடத்துநர். பேருந்தே சிரித்தது.

“இதுக்குக் கம்பம் வரைக்கும் போகணுமா? நம்ம குளத்துலயே ஆண் கெண்ட நெறஞ்சு கெடக்கே” என்றார் மனைவி.

“அம்புட்டும் ஒரு தாய் புள்ளைக. அதுகளுக்குள்ளயே சோடி சேந்து சேந்துதான் குஞ்சுக்கெல்லாம் முதுகு வளைஞ்சு போச்சு. வெளியிலருந்து புது ரத்தம் வந்தாத்தான் வம்சம் தேறும்.”

மீன் துள்ளி நாலு இருக்கைக்குத் தண்ணீர் தெளித்தது. எல்லோரும் துடைத்துக்கொண்டு சிரிக்க, அந்த அம்மா முகத்தைத் துடைக்கவே இல்லை.

“அப்ப நம்ம மகள உங்கக்கா மகனுக்குத் தாரேன்னு தலையாட்டிட்டு வந்தீங்களே?”

“அது மொறதான?”

“நாமளும் அத்த மகன், மாமன் மகதான். நம்ம புள்ளைக்கும் அதே குளந்தானா?”

வண்டிப்பெரியாறு தாண்டியதும் கணவர் குனிந்து வாளியின் வலையை இறுக்கிக் கட்டினார்.

“அக்காகிட்ட யாரு சொல்றது?”

“மீனக் குளத்துல எறக்கிவிடுறதப் பாக்க உங்கக்காவ வரச் சொல்லியிருக்கேன். இப்ப எங்கிட்டப் புது ரத்தம்னு சொன்னீங்களே, அதையே சத்தமாச் சொல்லுங்க.”